நீலக் கட்டத்தில் பத்து நிமிடம்

கோகிலவாணி அந்த ஞாயிற்றுக்கிழமை மேகலா வளாகத்துக்குப் போனது ஒரு விசில் வாங்குவதற்காக. பள்ளிக்கூட விசிலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார்கள். அவள் உடற்கல்வி ஆசிரியை. வயது நாற்பத்து நான்கு. "வயிறு வலிக்குது மிஸ்", "தலை சுத்துது மிஸ்" என்று மரத்தடிக்கு ஒதுங்குகிற பிள்ளைகளை இருபது வருடமாக ஒரே பதிலைச் சொல்லி எழுப்பி ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்: "எனக்குந்தான் வலிக்குது. ஓடுனா செரியாப் போயிரும்."

அதை அவள் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு ஓடினால் உண்மையிலேயே சரியாகிவிடும்.

கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைப்பது லேசில்லை. தரைத்தளத்தை மூன்று முறை சுற்றினாள். நான்காவது சுற்றில், லிஃப்ட்டை ஒட்டி நடக்க முடியாதவர்களுக்கென்று நீலச் சாயம் பூசிய கட்டத்துக்குள் ஒரு சிவப்புக் கார் வந்து நிற்பதைப் பார்த்தாள். அதிலிருந்து ஓர் இளைஞன் இறங்கினான். அகன்ற தோள், மடிப்புக் கலையாத பட்டுச் சட்டை. கதவைச் சாத்திவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நேராக நடந்தான்.

கோகிலவாணி தன் வண்டியை நடுவழியிலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"ஏனுங் தம்பி! அந்த நீலக் கட்டம் யாருக்குன்னு தெரியுங்களா?"

"தெரியுமுங் அக்கா. எனக்குத்தான்." காரின் முன் கண்ணாடியில் இருந்த நீல அட்டையைக் காட்டினான்.

"அட்டைய யாரு வேணா வாங்கலாம். காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது?"

"இப்ப நல்லாத்தான் இருக்குதுங்."

"இப்ப நல்லா இருக்குதுன்னா, அப்பறம் எதுக்கு இந்த எடம்?"

"வரும்போது வந்துருவேனுங். திரும்பிப் போறதுக்குத்தான் இந்த எடம்."

"நல்லாப் பேசறீங்க. நடிக்கறதுக்குன்னாவது ஒரு நொண்டு நொண்டக் கூடாதா?" என்றாள். அவளுக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். அவன் லேசாகக் காலை இழுத்திருந்தால்கூட அவள் பேசாமல் போயிருப்பாள்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சண்டைகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால், எந்த ஊரிலோ, நீலக் கட்டத்தில் நிறுத்திய ஒரு பெண்ணை நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, "நோயாளின்னா ஓடிக் காட்டு பார்க்கலாம்" என்று செல்போனில் படம் பிடித்தார்கள். அவளுக்கு இதயம் பாதிதான் வேலை செய்தது. அவமானம் தாங்காமல் ஓடிக் காட்டினாள். அவள் இறந்த பிறகு வந்ததுதான் காப்புச் சட்டம். அதன்படி, நீலக் கட்டத்தில் நிறுத்துகிறவர் மேல் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் புகார் செய்யலாம். ஆனால் வாயால் மட்டும் செய்ய முடியாது.

கட்டத்தின் பக்கத்தில் ஒரு மேசை. அதன் பின்னால் சீருடையில் ஜெசிந்தா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் இருந்த இரும்புப் பெட்டியை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"புகாருங்களா டீச்சர்?" என்றாள். அவளுடைய தங்கை கோகிலவாணியிடம் படித்தவள்.

"புகாரேதான்."

ஜெசிந்தா பெட்டியைத் திறந்து இரண்டு காப்புகளை எடுத்து வைத்தாள். கைக்கு அடக்கமான வெள்ளி நிற வளையங்கள். "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவருக்குங். பத்து நிமிஷம். அவரு ஒடம்பு மூளைக்கு என்ன சேதி சொல்லுதோ, அது உங்களுக்கு வரும். அவரு மூளை சொல்றது தசைக்கு எந்த லட்சணத்துல போய்ச் சேருதோ, அதே லட்சணத்துலதான் உங்களுதும் போய்ச் சேரும். காப்பக் கழட்டுனா பழையபடி ஆயிருமுங்."

"அவருக்கு என்ன வரும்?"

"உங்களுது போகுமுங். காலியா வெக்க முடியாதுங்களே."

"தாராளமா எடுத்துக்கட்டும். என்ற ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல."

"பத்து நிமிஷம் முடிஞ்சதும் நீங்கதான் தீர்ப்புச் சொல்லோணும். பச்சைய அமுத்தினா உண்மை. செவப்ப அமுத்தினா பொய். செவப்புன்னா அவரு அட்டை ஒரு வருசத்துக்கு ரத்துங்."

இளைஞன் காப்பை மாட்டிக்கொண்டான். பலமுறை மாட்டிப் பழகிய கை. "என்ற பேரு பரிதிங்க" என்றான். "எதுக்கும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க."

கோகிலவாணியும் மாட்டிக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஏதோ நின்றது.

நூற்பு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மில் ஓடுகிற சத்தம் காதில் விழாது. என்றைக்காவது மின்சாரம் போய் மில் நின்றால்தான், இத்தனை நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது தெரியும். அப்படி நின்றது. இடுப்புக்குக் கீழே தொடங்கி, முதுகெலும்பு வழியாக ஏறி, பின்கழுத்துவரை ஏதோ ஒன்று அடங்கிப் போனது. அதற்கு அவளிடம் பெயர்கூட இல்லை.

கழுத்தை இடது பக்கம் திருப்பினாள். திரும்பியது. இன்னும் திருப்பினாள். தனக்குப் பின்னால் இருந்த தூணே தெரிந்தது. "அட!" என்றாள். குனிந்தாள். விரல் நுனி தரையைத் தொட்டது. உள்ளங்கையும் தொட்டது.

"ஜெசிந்தா, இங்க பாரு!"

"பாக்கறனுங் டீச்சர்."

"இந்த ஒடம்புக்கு என்ன கேடு வந்துச்சு? செவப்புப் பொத்தான் எங்க?"

"பத்து நிமிஷம் முடியோணுமுங்."

பத்து நிமிடம் நின்ற இடத்தில் நிற்க அவளால் முடியவில்லை. லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் ஏறி முதல் மாடிக்கு ஓடினாள். அங்கே கீழே இறங்குகிற எஸ்கலேட்டரில் எதிர்த்து மேலே ஏறினாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் கைதட்டின. இரண்டாம் மாடியில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் முன்னால் வழவழவென்று தரை நீண்டு கிடந்தது. ஒரு நொடி யோசித்தாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைகளை ஊன்றிச் சக்கரமாக ஒரு சுற்றுச் சுழன்று எழுந்தாள். கடைசியாக அப்படிச் சுழன்றது பதினைந்து வயதில், மாவட்டப் போட்டியில்.

இன்னொரு முறை சுழல்வதற்குக் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது.

தூக்கச் சொன்னாள், தூக்கவில்லை. வலியே இல்லை. அவள் சொன்னது கைக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். புடவைக் கடைப் பொம்மை இரண்டாகத் தெரிந்தது. இடது இமை தானாக இறங்கி மூடிக்கொண்டது. முழங்கால்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. அவள் தூணில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். தலை மார்பில் விழுந்தது. நிமிர்த்துவது மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. "ஜெசிந்தா" என்று கூப்பிடப் பார்த்தாள். வாயிலிருந்து வந்தது வெறும் "ஜெஜ்ஜா".

கடந்து போன ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்: "பாரு, பொம்பளைங்க கூட ஞாயித்துக்கெழமை காலைலயே ஆரம்பிச்சுட்டாங்க."

ஜெசிந்தா சக்கர நாற்காலியோடு வந்து அவளை ஏற்றிக் கீழே கொண்டுபோனாள். மேசைக்குப் பக்கத்தில் பரிதி இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பட்டுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன.

"அக்கா," என்றான். குரல் கணீரென்று இருந்தது. "ஒக்காந்தாப் புடுங்குது. நின்னாலும் புடுங்குது. இந்த முதுக வெச்சுட்டு எப்படிங் சண்டைக்கெல்லாம் வர்றீங்க?"

காப்புகள் பீப் என்று ஒலித்துத் திறந்துகொண்டன. மில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் இந்த முறை அது காதில் விழுந்தது. கோகிலவாணி "அம்மா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

கை சொன்னபேச்சைக் கேட்கத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

"என்ற நோய்க்குப் பேரு மயஸ்தீனியாங்" என்றான் பரிதி. "நரம்பு சொல்றது தசைக்குக் கேக்காது. ஓய்வு குடுத்தா கொஞ்ச நேரம் கேக்கும், வேலை வாங்கினா அப்பறம் கேக்காது. வண்டியில அரை மணி நேரம் படுத்திருந்துட்டுத்தான் திரும்ப ஓட்டுவேன். அத விடுங்க. உங்களுக்கு இது எத்தன வருசமாங்?"

"எது?"

"இந்த வலி."

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங். வெடியால மூணு மணிக்கு முழிப்பு வந்துரும், ஒடம்பு பலகையாட்ட இருக்கும். எந்திரிச்சு மாடியில ஒரு மணி நேரம் நடந்தா எளகிரும். எல்லாருக்கும் அப்படித்தானுங்களே?"

ஜெசிந்தாவும் பரிதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு அப்படி இல்லீங் டீச்சர்" என்றாள் ஜெசிந்தா.

"உனக்கு வயசு கம்மி."

"எங்கம்மாவுக்கும் அப்படி இல்லீங்."

கோகிலவாணி விசில் வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் முழுவதும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டாள்: காலையில் எழுந்திருக்கும்போது எப்படி இருக்கிறது? தலைமை ஆசிரியை "தூக்கமா இருக்கும்" என்றார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் "பசிக்குமுங்" என்றார். கணக்கு வாத்தியார் சந்தேகமாகப் பார்த்துவிட்டு "ஏன், யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றார். கணவர் தனசேகர் காபியை ஆற்றியபடி, "ஒண்ணும் இருக்காது. எந்திரிப்பேன்" என்றார். நாற்பத்தொரு பேரைக் கேட்டுவிட்டாள். பலகை என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினாறு வயதிலிருந்து, இருபத்தெட்டு வருடமாக, எல்லோரையும் விடத் தான் தைரியசாலி என்று நினைத்திருந்தாள். மற்றவர்களுக்கு வலியே இல்லை என்று தெரிந்தபோது, முதலில் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை பேரும் சும்மாவா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளாகம் திறக்கும்போதே நீலக் கட்டத்தின் பக்கத்தில் போய் நின்றாள். சிவப்புக் கார் பதினொரு மணிக்கு வந்தது.

"புகார் குடுக்கோணுமுங்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பரிதிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அந்தப் பத்து நிமிஷம் வேணுங்களா?"

"தப்புத்தானுங். எனக்கு வலி நிக்கறப்ப உங்களுக்கு வலிக்கும். தெரியும். இருந்தாலும் வந்துட்டேன்."

"நானும் உங்களத்தான் தேடிட்டு வந்தனுங்" என்றான் அவன்.

பிறகு சொன்னான். அவன் தொழில் கல்யாண மேடைகளில் பேசுவது. உறவுக்காரர்களை வரவேற்பது, சீர்த்தட்டு கொண்டுவருகிறவர்களைப் பேர் சொல்லி அழைப்பது, நடுநடுவே சிரிக்கவைப்பது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நோய் வந்தது. ஐந்து நிமிடம் பேசினால் நாக்கு தடித்துவிடும், இமை இறங்கிவிடும். ஒரு கல்யாணத்தில், அவன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று பெண்ணின் பெரியப்பாக்கள் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினார்கள். அதோடு அழைப்புகள் நின்றன. மேகலா வளாகத்தின் நடுவில் ஞாயிறுதோறும் ஒரு சிறு மேடை போடுவார்கள். யார் வேண்டுமானாலும் பத்து நிமிடம் பேசலாம், பாடலாம். அவன் வாராவாரம் அதற்காகத்தான் வந்துகொண்டிருந்தான். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் ஒருமுறையும் தாண்டவில்லை.

"இதுக்கு முந்திக் காப்பு மாட்டுனப்பவெல்லாம் நான் வாயத் தொறந்ததில்லீங். போன வாரம் உங்க ஒடம்பு மாட்டியிருந்தப்ப எனக்கு நாக்கு குழறவே இல்லீங் அக்கா. வலி உசுர் போச்சு. ஆனாப் பேசிட்டே இருந்தேன். ஜெசிந்தாவக் கேளுங்க."

"வலிக்குது வலிக்குதுன்னு பத்து நிமிஷமும் கணீர்னு சொன்னாருங்" என்று ஜெசிந்தா சாட்சி சொன்னாள். "ஆனா ஒண்ணு. ஒருத்தர் இன்னொருத்தர் மேல வருசத்துக்கு மூணு புகார்தான் குடுக்க முடியும். பாத்துச் செலவு பண்ணுங்க."

இரண்டாவது புகார் பதிவானது. பரிதி மேடை ஏறினான். கோகிலவாணி முன்வரிசையில் ஒரு நாற்காலியில், இருக்கிற பலத்தைச் சேமித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் வலிக்காது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. நாற்காலி என்கிற பொருளை எதற்காகச் செய்தார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பரிதி பேசினான். கல்யாணத்துக்கு வருகிற ஒறம்பரை உறவுக்காரர்களில் எத்தனை வகை, பந்தியில் முதல் ஆளாக உட்காரும் மாமா எப்படி இலையைத் துடைப்பார், மொய் எழுதுகிற இடத்தில் பேனா மட்டும் ஏன் எழுதாது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மாடிகளின் கைப்பிடிச் சுவர்களில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். ஆறு நிமிடம், ஏழு நிமிடம். குரல் பிசகவில்லை.

கோகிலவாணியும் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவன் நிற்கிற விதம் கண்ணில் பட்டது. இடது காலிலிருந்து வலது காலுக்கு எடையை மாற்றினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி மாற்றினான். மைக் கம்பியைப் பிடித்த கை வெளுத்திருந்தது. ஒவ்வொரு நகைச்சுவைக்கும் முன்னால் சின்னதாக ஒரு மூச்சை இழுத்து நிறுத்தினான். அது அவள் நிற்கிற விதம். மைதானத்தில், பிரேயரில், கல்யாண வீடுகளில், இருபத்தெட்டு வருடமாக.

சுற்றிலும் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவனைப் பார்த்தால் வலிக்கிற ஆளாகவே தோன்றவில்லை.

போதும், இறங்கிவிடு என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. கை எழவில்லை. ஒரு கண் மூடிக்கொண்டது. மற்ற கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் கை வரவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "நல்லா சிரிக்க வெக்கறாருல்ல?" என்றாள்.

அந்தப் பெண்ணே மேடை முடிந்ததும் பரிதியைப் பிடித்துக்கொண்டாள். தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். பொள்ளாச்சி ரோட்டில் மண்டபம். வந்து ஒரு பத்து நிமிடம் பேச முடியுமா? பரிதி கோகிலவாணியைப் பார்த்தான். அந்த மண்டபத்திலும் நீலக் கட்டம் இருக்கும், பெட்டி இருக்கும்.

"மூணாவது புகார நான் குடுக்கறேன் தம்பி" என்றாள் அவள், நாக்கு தெளிந்ததும். "ஆனா இந்த முதுக உங்களுக்குத் திரும்பத் தர மாட்டேன். செரி பண்ணிட்டுத்தான் தருவேன்."

மூட்டுவாத மருத்துவர் ஸ்கேன் படத்தையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். முதுகெலும்பு அழற்சி. சின்ன வயதிலேயே தொடங்குவது. ஓய்வெடுத்தால் இறுகும், நடமாடினால் இளகும். அதனால்தான் ஓடுகிறவர்களிடம் ஒளிந்துகொள்ளும்.

"இத்தன வருசம் ஏம்மா காட்டல?"

"வலின்னு தெரியாதுங் டாக்டர்."

"இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?"

"தை மாசம் ஒருத்தருக்கு எரவல் குடுக்கோணும். அதுக்குள்ள செரியாகோணுமுங்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கதையை முழுக்கக் கேட்டார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். அதோடு ஒரு படிவமும் கொடுத்தார். நீல அட்டைக்கான படிவம்.

ஊசி உடனே ஒன்றும் செய்யவில்லை. ஐப்பசியில் மூன்று மணி முழிப்பு நான்கானது. கார்த்திகையில் மாடி நடை அரை மணியாகக் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் "தலை சுத்துது மிஸ்" என்கிறவர்களிடம் அவள் பதில் சொல்வதை விட்டுவிட்டாள்; மரத்தடியில் ஒரு பாயைப் போட்டாள். அங்கே எப்போதும் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் நடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். எந்த இரண்டு பேர் என்று கண்டுபிடிக்க அவள் முயலவில்லை.

கல்யாண நாள் வந்தது. பரிதி எட்டு மணிக்கு மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தான். ஒன்பது மணிக்குச் சீர் அழைப்பு.

கோகிலவாணி கண்ணைத் திறந்தபோது சுவரில் வெயில் அடித்தது. படுக்கையறைச் சுவரில் வெயில் விழும் என்பதே அவளுக்குத் தெரியாது. கொசுவலையின் நிழல் கட்டம் கட்டமாக அதில் விழுந்திருந்தது. அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் கிடந்தாள். உடம்பு உடம்பாக இருந்தது. புரண்டாள். புரள முடிந்தது.

பிறகுதான் எழுப்ப வேண்டிய வலி எழுப்பவில்லை என்பது உறைத்தது. மணி ஒன்பது ஐந்து. போனில் பரிதியிடமிருந்து பதினோரு அழைப்புகள்.

"ஏனுங் எழுப்பல?" என்று கணவரிடம் கத்தினாள்.

"நீ தூங்கி நான் பாத்ததே இல்ல கோகிலா" என்றார் தனசேகர். "எழுப்ப மனசு வரல."

புடவையைச் சுற்றியும் சுற்றாமலும் வண்டியை எடுத்தாள். சிக்னல்களில் எல்லாம் சத்தம் போட்டாள். பரிதி போனை எடுக்கவில்லை. மண்டபத்தில் நுழையும்போது மணி ஒன்பது ஐம்பது. சிவப்புக் கார் நீலக் கட்டத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது. குழறிய குரல். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விழுந்தன. அதைத் தொடர்ந்து மண்டபமே சிரிக்கிற சத்தம்.

மறுபடியும் அவனைக் குடிகாரன் என்று நினைத்துவிட்டார்கள். இன்னொரு முறை கையைப் பிடித்து இறக்கப்போகிறார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த காவலாளியிடம் ஓடினாள். "புகார்! புகார் குடுக்கோணும், பெட்டியத் தொறங்க!"

"யாரு மேலம்மணி?"

"மேடைல பேசறவரு மேல. சீக்கிரம்!"

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு மேல என்னத்துக்குங் புகார்? ஏறுனதும் மொதல் வேலையா அவரே சொல்லிட்டாருங்களே. 'இன்னும் அஞ்சு நிமிஷத்துல என்ற நாக்கு கொழறும், ஒரு கண்ணு மூடிக்கும், குடிக்கலீங், தசைல கோளாறு. நல்ல நல்ல தமாசையெல்லாம் மொதல்லயே சொல்லிப் போடறேன், அப்பறம் நீங்கதான் எனக்கு ஒத்தாசை பண்ணோணும்'னு. ரெண்டு வருசமா இதச் சொல்றதுக்குத்தான் பயந்துட்டு இருந்தாராமா. இன்னைக்குக் கூட வர வேண்டியவங்க வரல, வேற வழியில்லைன்னு சொன்னாருங்."

கோகிலவாணி உள்ளே ஓடினாள். நானூறு பேர் இருக்கும். மேடையில் பரிதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இடது கண் மூடியிருந்தது. மைக்கைப் பிடிக்க முடியாமல் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த சீரு," என்றான் பரிதி, தடித்த நாக்கால். "கிணத்துக்கடவுலருந்து தா… தா…"

"தாய்மாமன்!" என்று மண்டபம் கத்தியது.

"பேரு ந… ந…"

"நல்லசிவம்!"

பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் என்று போட்டியே நடந்துகொண்டிருந்தது. தட்டோடு வந்த நல்லசிவம், தன் பேரை நானூறு பேர் கத்தியதில் பூரித்துப்போய் மேடையைத் தாண்டி நடந்து, திரும்பி வந்தார். ஒரு பெரியம்மாவின் பேரைக் கூட்டம் தப்பாகச் சொல்லிவிட, அந்த அம்மாள் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துத் திருத்தினாள். மணப்பெண் தலையைக் குனிய மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பரிதி கதவுப் பக்கம் பார்த்தான். புடவை கலைந்து, மூச்சிரைக்க நின்ற கோகிலவாணியைக் கண்டுகொண்டான். அவள் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, போடலாமா என்று சைகை செய்தாள். அவன் தலையை இல்லையென்று ஆட்டினான். ஆட்டிய தலையை நிமிர்த்தக் கொஞ்ச நேரம் ஆனது.

"கடைசியா ஒருத்தர்," என்றான் மைக்கில். "ரொம்ப லேட்டா வந்திருக்காங்க. பேரு கோ… கோ…"

மண்டபம் வாயைத் திறந்து அப்படியே நின்றது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"கோ…" என்று பரிதி மறுபடி முயன்றான். அதற்கு மேல் வரவில்லை.

கோகிலவாணி முதுகை நிமிர்த்தினாள். மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கிற குரலில், தன் பேரைத் தானே கத்தினாள்.

யாரென்று தெரியாமலே நானூறு பேரும் கைதட்டினார்கள்.